செய்தித்தாளை எப்போது கிழிக்க வேண்டும்: கான்சஸ் கூடைப்பந்து பார்க்கப் போகிறவர்களுக்கு

அக்கா மகனுக்குக் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. விசா, வாடகை வீடு, குக்கர் எடுத்து வரலாமா, குளிர்கோட்டை எங்கே வாங்குவது என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "சித்தி, அங்கே எல்லாரும் கூடைப்பந்து கூடைப்பந்து என்கிறார்களே, ஒரு டிக்கெட் வாங்கிப்போய் உட்கார்ந்து பார்த்தால் போதுமா?" என்றான்.

போதாது. முதலில், உட்கார முடியாது. மாணவர் பகுதியில் ஆட்டம் முடியும்வரை நின்றபடிதான். அடுத்து, எப்போது கத்துவது, எப்போது படிப்பதுபோல நடிப்பது, எப்போது கையை உயர்த்துவது என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. நான் 2010இல் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் நகரத்துக்கு வேதியியல் ஆய்வு மாணவியாகப் போனேன். அந்த முறைகள் ஒன்றும் தெரியாமல் முதல் ஆட்டத்தில் விழித்துக்கொண்டு நின்றேன். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெரியவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊருக்குப் புதிதாகப் போனால் குலதெய்வம் யார் என்று கேட்பதில்லையா, அதுபோல. இங்கே முதற்பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக இந்த ஆட்டத்தை உருவாக்கியவர். பெட்டிகள் வேண்டும் என்று கேட்டாராம். காவலாளி கொண்டுவந்து கொடுத்தவை பீச் பழக்கூடைகள். ஆங்கிலத்தில் பெயருக்குள் ஒளிந்திருக்கும் கூடையை நாம் தமிழில் இன்றும் பச்சையாகச் சொல்கிறோம். நமக்கும் அந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் தொடர்பு உண்டு: அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். என் பள்ளியில் எங்களை ஓட ஓட விரட்டிய உடற்கல்வி ஆசிரியை அங்கே படித்தவர். எனவே நெய்ஸ்மித்தை நான் அந்நியராக நினைத்ததே இல்லை.

நெய்ஸ்மித் 1898இல் கான்சஸுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தின் முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளரும் அவரே. அவருடைய கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கான்சஸின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ளவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்த இவர் ஒருவர்தான். இதை லாரன்ஸில் டாக்ஸி ஓட்டுநர்கூடச் சிரித்துக்கொண்டே சொல்வார். நீங்கள் முதல்முறை கேட்பதுபோலக் கேளுங்கள், அதுதான் மரியாதை.

அடுத்த பெயர் ஃபாரஸ்ட் ஆலன். பேஸ்பால் நடுவராக இருந்தபோது கப்பல் சங்குபோல ஒலித்த குரலால் 'ஃபாக்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. மூடுபனி என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதுவார்கள். நெய்ஸ்மித்தின் மாணவர், பிறகு 39 பருவங்கள் பயிற்சியாளர், கான்சஸுக்காக 590 வெற்றிகள். இவரிடம் ஆடியவர்களில் இருவரைக் கவனியுங்கள். ஒருவர் அடால்ஃப் ரப், பின்னாளில் கென்டக்கிப் பல்கலைக்கழக அணியை வளர்த்தவர். மற்றவர் டீன் ஸ்மித், பின்னாளில் வட கரோலினாப் பல்கலைக்கழக அணியை வளர்த்தவர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இரண்டு பெரிய வீடுகளுக்கும் அடுப்பு இங்கிருந்துதான் போனது. கென்டக்கிக்காரர் யாராவது பெருமை பேசினால், "உங்கள் ரப் எங்கே படித்தார்?" என்று அமைதியாகக் கேட்டுவிட்டு டீயைக் குடியுங்கள்.

மூன்றாவது பெயர் வில்ட் சேம்பர்லின். அவரை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அழைத்து வந்தவர் ஆலன். ஆனால் அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக்கூடாது. வில்ட் தகுதி பெறுவதற்குள் ஆலனுக்கு 70 வயதாகி, விதிப்படி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கொண்டுவந்தவருக்கு ஆடவைக்கும் பேறு கிடைக்கவில்லை. 1956 டிசம்பரில் முதன்மை அணிக்கான தம் முதல் ஆட்டத்திலேயே வில்ட் 52 புள்ளி எடுத்தார். மறு மார்ச்சில் தேசியப் பட்டத்துக்கான இறுதியாட்டம், வட கரோலினாவுக்கு எதிராக, மூன்று கூடுதல் நேரம் போய் 54-53 என்று ஒரே புள்ளியில் தோல்வி. அந்த ஒரு புள்ளி அவரை நாற்பது ஆண்டுகள் உறுத்தியது. 1998 ஜனவரியில் அவருடைய ஆட்டச் சட்டையை மரியாதையாக அரங்கின் உத்தரத்தில் ஏற்றக் கூப்பிட்டபோது பழைய கல்லூரி மேலங்கியை அணிந்துகொண்டு வந்து நின்றார். லாரன்ஸில் என் பக்கத்து வீட்டுப் பாட்டி அன்று அரங்கில் இருந்தவர். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும்.

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் நான்கு போதும்: 1952, 1988, 2008, 2022. நான்கும் தேசியப் பட்டங்கள். 1988இல் பருவம் முழுக்கத் தடுமாறிப் பதினொரு ஆட்டம் தோற்ற அணி, டானி மேனிங் ஒருவர் தோளில் ஏறி வென்றது. 2008இல் இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கையில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். 2.1 வினாடி மிச்சமிருக்கும்போது மேரியோ சால்மர்ஸ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்துச் சென்றது. 2022இல் 16 புள்ளி பின்தங்கி, அதே வட கரோலினாவை 72-69 என்று வென்றோம். வில்ட் அதைப் பார்க்க இல்லை.

2018 பற்றி யாராவது சீண்டினால் வாதாட வேண்டாம். அந்தப் பருவத்தின் 15 வெற்றிகளும் தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக இடம்பெற்றதும் வீரர் சேர்ப்பு விதிமீறல் தொடர்பான தீர்ப்பில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டன. கண்ணால் பார்த்த ஆட்டங்களைக் காகிதத்தில் எப்படி அழிப்பது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனாலும் விதி விதிதான்.

இடம் பிடிப்பது

ஆட்டம் நடப்பது ஆலன் ஃபீல்ட்ஹவுஸில். 1955 மார்ச் 1 அன்று திறந்தார்கள். ஆலன் அப்போதும் பயிற்சியாளராகவே இருந்தார். தம் பெயர் கொண்ட கட்டடத்துக்குள் தாமே வேலைக்குப் போய்வந்திருக்கிறார். என் காலத்தில் 16,300 பேர் கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பெரிய தானியக் கிடங்குபோல இருக்கும். உள்ளே மேற்கூரை ஒலியை அப்படியே திருப்பித் தலையில் கொட்டும். 2017 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் 130.4 டெசிபல் அளந்து கின்னஸில் பதிந்தார்கள். சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காதுக்கு ஏதாவது எடுத்துப்போங்கள், பஞ்சு போதாது.

மாணவர்களுக்கு டிக்கெட் இருந்தாலும் எண் போட்ட இருக்கை கிடையாது. நல்ல இடம் வேண்டுமென்றால் 'கேம்பிங்'. பெயரைக் கேட்டுக் கூடாரம், போர்வை என்று கிளம்பிவிடாதீர்கள். கூடாரம் போட்டுப் பனியில் படுப்பது டியூக் பல்கலைக்கழகத்து வழக்கம். இங்கே முகாம் அரங்கின் உள்நடையில், பகலில்தான். ஒரு ஆட்டம் முடிந்த மறுநாள் காலை அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக் குலுக்கல் நடக்கும். குழுவாகச் சேர்ந்து பெயர் கொடுக்க வேண்டும், ஒரு குழுவில் முப்பது பேர்வரை. குலுக்கலில் வந்த வரிசைப்படி பட்டியல். அன்றிலிருந்து ஆட்ட நாள்வரை, காலையிலிருந்து இரவு பத்துவரை, குழுவில் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் குழுவையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். மொத்தத்தையும் மாணவர்களே நடத்துகிறார்கள். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

இதில் நான் செய்த குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் முறை. ஆய்வகத்தில் ஒரு வினைக்கலவையை அடுப்பிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடம்தானே என்று புத்தகத்தை விரித்துப்போட்டு, பக்கத்துக் குழுப் பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். சுவரில் ஒட்டியிருந்த தாளில் எங்கள் குழுவின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. நேர்கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல. இருபத்திரண்டு பேர் நான்கு நாள் மாறிமாறி உட்கார்ந்திருந்த உழைப்பு. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் முழுவதும் பரிகாரமாகப் பெரிய டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். விசிட்டாவிலிருந்து வந்த ஒருத்தி நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றாள், மற்றவர்கள் வழித்துத் தின்றார்கள். அதன் பிறகு மன்னிப்புக் கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன். ஆகவே: முறை மாற்ற வேண்டுமென்றால் மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகே எழுந்திருங்கள். வேறு குழுக்காரர் உங்களுக்காகப் பதில் சொல்ல முடியாது.

மாணவர் இல்லாதவர்களுக்கு வழி கொஞ்சம் கடினம். பெரிய எதிரணி வரும் சனிக்கிழமை டிக்கெட்டின் விலை கண்ணைக் கட்டும். நவம்பரில் சிறிய கல்லூரிகள் வரும் ஆட்டங்களையோ, மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் டிசம்பர் கடைசி ஆட்டங்களையோ பாருங்கள். அக்டோபரில் பருவத் தொடக்க விழாவுக்கு வழக்கமாக அனுமதி இலவசம். 1985இல் அப்போதைய பயிற்சியாளர் லாரி பிரவுன் தொடங்கிவைத்த இரவுக் கொண்டாட்டம் அது, இப்போது ஆலனின் பட்டப்பெயரைத் தாங்கி நடக்கிறது.

இன்னொரு வழியை யாரும் சொல்லமாட்டார்கள். பெண்கள் அணியின் ஆட்டத்துக்குப் போங்கள். அதே தளம், அதே கூரை, கால்வாசிக் காசு, முன்வரிசை. லினெட் உடார்ட் 1978 முதல் 1981 வரை இங்கே 3,649 புள்ளிகள் குவித்தார். பெண்கள் ஆட்டங்கள் அப்போது வேறொரு சங்கத்தின் கீழ் நடந்ததால் அந்தச் சாதனை முதன்மைப் பதிவேட்டில் ஏறவே இல்லை. 2024இல் அயோவா வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் அந்த எண்ணைத் தாண்டியபோதுதான் நாடே உடார்ட் யார் என்று கேட்டது. லாரன்ஸில் கேட்கத் தேவையிருக்கவில்லை.

உடை, வழி, கொஞ்சம் சுற்றல்

நீலமும் சிவப்பும் அணியுங்கள். கத்தரிப்பூ நிறம் இதே மாநிலத்தின் போட்டிப் பல்கலைக்கழகமான கான்சஸ் ஸ்டேட்டுக்கு உரியது, அந்தச் சுடிதார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்று பெட்டியிலேயே இருக்கட்டும். கறுப்பும் பொன்னிறமும் பக்கத்து மாநிலத்து மிசௌரிப் பல்கலைக்கழகம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். லாரன்ஸ், கான்சஸ் சிட்டியிலிருந்து மேற்கே நாற்பது மைல். வெளியே உறைபனி, உள்ளே வியர்வை, எனவே கழற்றக்கூடிய உடுப்பாக இரண்டு மூன்று அடுக்கு.

இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அரங்கை ஒட்டியுள்ள டிப்ரூஸ் மையத்தில் நெய்ஸ்மித்தின் மூல விதிகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. தட்டச்சு செய்த இரண்டு தாள், பதின்மூன்று விதி. 2010இல் ஏலத்துக்கு வந்தபோது இங்கே படித்த டேவிட் பூத் 43 லட்சம் டாலருக்கு எடுத்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்ற விதியைத் தேடிப் படியுங்கள். அந்த ஒரு விதிதான் இந்த ஆட்டத்தை ரக்பியாகவும் மல்யுத்தமாகவும் ஆகாமல் காத்தது. நேரமிருந்தால் ஊரின் கிழக்கே உள்ள கல்லறைத் தோட்டத்தில் நெய்ஸ்மித்தின் நினைவிடத்தையும் பார்த்துவரலாம். ஆலனும் அதன் அருகிலேயே.

உள்ளே, வரிசைப்படி

நுழைந்ததும் வடக்குப் பக்க உச்சியில் தொங்கும் துணியைப் பாருங்கள். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கேளுங்கள், ஆலனுக்கு அஞ்சுங்கள் என்ற பொருளில் எழுதியிருக்கும். முதன்முதலில் 1988இல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைச்சீலைகளை வைத்துத் தயாரித்தது, இப்போது தொங்குவது அதன் வாரிசு.

கையில் ஒரு செய்தித்தாள் இருக்க வேண்டும். எதிரணி வீரர்களின் பெயரை அறிவிக்கத் தொடங்கியதும் தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துப் படியுங்கள். வந்திருப்பவர்கள் யாரோ, எனக்கென்ன என்ற பாவனை. எட்டிப்பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. நான் முதல்முறை உண்மையாகவே ஒரு செய்தியைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். நகராட்சித் தண்ணீர்க் கட்டணம் பற்றியது. பாதியில் இருக்கும்போது பக்கத்திலிருந்தவள் என் தாளைப் பிடுங்கிச் சரசரவென்று கிழித்தாள். ஆம், எதிரணி அறிமுகம் முடிந்ததும் கிழிக்க வேண்டும். நகம் அளவு துண்டுகளாக, அவசரமாக. விளக்கு அணைந்து நம் வீரர்களின் பெயர் வரும்போது இரண்டு கையாலும் மேலே எறியுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக எறியும்போது ஒரு நொடி எதிரே உள்ள பக்கமே தெரியாது. கல்லூரி இதழ் இப்போது தினமும் அச்சாவதில்லை, எனவே வீட்டிலிருந்தே பழைய தாள் எடுத்துப்போவது நல்லது. வழவழத் தாள் வேண்டாம், அது பறக்காமல் முன்வரிசைக்காரர் தலையில் விழும்.

பிறகு முழக்கம். 'ராக் சாக், ஜேஹாக், கே யு' என்பதே வாசகம், 'கே யு' பல்கலைக்கழகப் பெயரின் சுருக்கம். 1886இல் வேதியியல் பேராசிரியர் பெய்லியிடமிருந்து தொடங்கியது, ரயில் சக்கரத்தின் தாளத்திலிருந்து அவர் பிடித்தார் என்பார்கள். பல்கலைக்கழகம் நிற்கும் குன்றின் சுண்ணக்கல்லைக் குறிக்கும் சொற்கள் பிறகு சேர்ந்துகொண்டன. ஜேஹாக் என்பது பல்கலைக்கழகத்தின் சின்னம், உலகில் இல்லாத பறவை, மஞ்சள் காலணி போட்டிருக்கும். இந்த முழக்கம் வேதியியல்காரர் கண்டுபிடித்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. முதல் இரண்டு முறை மெதுவாக, ஓதுவார் ஒரு சொல்லை இழுத்து நிறுத்துவதுபோல, தாழ்ந்த குரலில். அடுத்த மூன்று முறை வேகமாக. புதியவர்கள் செய்யும் தவறு மெதுவான பகுதியிலேயே கத்திவிடுவது. அந்தத் தாழ்ந்த குரல்தான் எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும்.

எதிரணி வீரர் ஐந்தாவது தவறில் வெளியேற்றப்பட்டால், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி இடவலமாக அசையுங்கள். காற்றில் ஆடும் கோதுமை வயல். போய்வா என்று அர்த்தம். கேலிதான், ஆனால் கெட்ட வார்த்தை இல்லாத கேலி.

மிசௌரி

இது வேறு கணக்கு. லாரன்ஸ் 1854இல் அடிமை முறையை எதிர்த்தவர்கள் குடியேறி அமைத்த ஊர். 1863 ஆகஸ்ட் 21 அன்று மிசௌரிப் பக்கமிருந்து குவான்ட்ரில் என்பவனின் குதிரைப்படை வந்து ஊரைக் கொளுத்தி, ஏறத்தாழ 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. இந்தப் பகையோடு பந்து விளையாடினால் எப்படி இருக்கும்?

2012 பிப்ரவரி 25. மிசௌரி வேறு அணிக் கூட்டமைப்புக்குப் போவதால், ஒரே கூட்டமைப்பில் இருந்தபடி இங்கே மோதும் கடைசி ஆட்டம். மூன்று வாரம் முன்பு அவர்கள் ஊரில் தோற்றிருந்தோம். அந்த வாரம் முழுவதும் முகாமில் என் முறையை ஒரு நிமிடம்கூடத் தவறவிடவில்லை. ஏழாவது வரிசை கிடைத்தது. இரண்டாம் பாதியில் 19 புள்ளி பின்தங்கினோம். அப்போது எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன், "பரவாயில்லை, சத்தம் மட்டும் குறைக்காதீர்கள்" என்றான், யாரிடமும் இல்லாமல் காற்றிடம் சொல்வதுபோல. குறைக்கவில்லை. ஆட்டம் சமமானது. கடைசி நொடியில் மிசௌரியின் ஃபில் பிரெஸி கூடைக்குப் பாய்ந்தபோது தாமஸ் ராபின்சன் கை மேலே வந்து தடுத்தது. எனக்கு அந்தச் சத்தம் காதில் விழவில்லை, கால் வழியாக ஏறியது. பலகை அதிர்ந்தது. கூடுதல் நேரத்தில் 87-86. ஒரு புள்ளி. இந்த முறை நம் பக்கம்.

வெளியே வருவது

கார் நிறுத்தத்தில் நெரிசல் என்று ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெற்றி உறுதியான பின், கடைசி ஒரு நிமிடத்தில்தான் அந்த மெதுவான முழக்கம் மறுபடி எழும். அதைக் கேட்கத்தான் வந்தீர்கள். பிறகு தோளில் கைபோட்டு நின்று கல்லூரிப் பாட்டு. பெரிய வெற்றியென்றால் குன்றிலிருந்து இறங்கி மாசசூசெட்ஸ் தெருவுக்கு நடப்பார்கள். அந்த 2012 மார்ச்சில் ஓஹியோ ஸ்டேட்டை அரையிறுதியில் 64-62 என்று வென்ற இரவு நானும் நடந்தேன். யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். கைப்பேசியையும் சாவியையும் உள்பையில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள், காரை அந்தத் தெருவின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் மிளகு தட்டிப்போட்டுக் குடியுங்கள், தொண்டை திரும்ப ஒரு நாள் ஆகும். சீக்கிரம் படுங்கள். மறுநாள் காலை அடுத்த ஆட்டத்துக்கான குலுக்கல் இருக்கிறது, குழுவிலிருந்து யார் போவது என்பதை இன்றிரவே பேசி முடித்துவிடுங்கள்.